மூன்று வளையம்

“பௌர்ணமிக்குள்ள, மூடி பொருந்தற மாதிரி ஒரே ஒரு குங்குமச் சிமிழ் கடைஞ்சு காட்டுங்க. காட்டிட்டா மெஷின் உங்களுது. இல்லேன்னா அதை என்ன பண்றதுன்றது என் இஷ்டம்.”

அருணாதேவி கறாராகச் சொல்லிவிட்டாள். சக்திவேல் மரம் கடையும் மெஷினை ஆசை ஆசையாய் வாங்கி மாடியில் போட்டிருந்தான். மனைவியின் இஷ்டம் என்றால் காயலாங்கடைதான், வேறென்ன?

விடியற்காலையில் கடைந்தான். வேங்கிக்கால் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கடைந்தான். உளி பட்டதும் பூவரசங்கட்டை சுருள் சுருளாகச் சீவலை உதிர்க்கும். அந்தச் சுகத்துக்கே ஆயுசு பூராவும் கடையலாம். உளியும் அருமையான உளி, தீட்டாமலே கூராக இருந்தது. நல்ல கம்பெனிச் சரக்கு என்று மெச்சிக்கொண்டான்.

மூடிதான் காலை வாரியது. ஒன்று இறுகிக்கொண்டது, இன்னொன்று லொடலொடத்தது.

“நல்ல கட்டையெல்லாம் வீணாப் போவுது” என்றாள் அருணா, மாடிப்படியில் நின்றபடி. “உளியை ஏன் இந்த அழுத்து அழுத்தறீங்க?”

“உனக்கு இதெல்லாம் புரியாது. போய் அடுப்பைப் பாரு. நான் விடறதா இல்ல.”

பௌர்ணமிக்கு முதல் நாள் பதினேழாவது மூடியும் பிளந்தது. சக்திவேல் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகச் சன்னதித் தெருவுக்குப் போனான். கடையில் ஒரு சிமிழ் வாங்கி வந்து, மரத்தூளில் நன்றாகப் புரட்டி எடுத்தான்.

“இந்தா, பாரு.”

அருணா மூடிப் பார்த்தாள். டப் என்று உட்கார்ந்தது. திறந்து மூடியின் உட்புறத்தைப் பார்த்தாள்.

“நீங்களே கடைஞ்சதா?”

“பின்ன? இந்தக் கையாலதான்.”

“அண்ணாமலையார் மேல சத்தியமா?”

ஜன்னலில் மலை முழுசாகத் தெரிந்தது. சக்திவேல் அவசரமாகத் தரையைப் பார்த்தான்.

“சன்னதித் தெருவுல மூணாவது கடைதானே?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மூடிக்குள்ள மூணு வளையம் இருக்குதா? நீங்க ஆபீஸ் போனப்புறம் நான் கடையற ஒவ்வொண்ணுலயும் அதைப் போட்டுத்தான் அந்தக் கடைக்கு அனுப்பறேன்” என்ற அருணா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உளியைக் கையில் எடுத்தாள். “ஆர்டர் ஜாஸ்தியா இருக்குது, நீங்க போய் அடுப்பைப் பாருங்க.”