அம்மா வயசுக்கு இது தாராளம்

டாக்டர் இரண்டு செயற்கை இதய வால்வுகளை மேசையில் வைத்தார். மோதிரத்தைவிடப் பெரிது, வளையலைவிடச் சிறிது. கம்பி வலையில் செய்த கூடுகள்.

"ரெண்டுமே தொடை வழியா குழாய்ல ஏத்தி வைக்கிறதுதான், நெஞ்சைத் திறக்க வேண்டாம். இது பழைய தலைமுறை. ஓரத்துல கொஞ்சம் ரத்தம் கசியலாம். இது புதுசு. அடியில துணிப் பட்டை சுத்தியிருக்கு பாருங்க, கசிவு குறையும். பின்னால தேஞ்சு போனா, உள்ளேயே இன்னொண்ணு வைக்கவும் சுலபம்."

இதையெல்லாம் அவர் மகள் ஆக்சிலியாவிடம் சொன்னார். வால்வு கெட்டுப்போன ஞானமேரியிடம் அல்ல.

ஆக்சிலியா தலையாட்டினாள். இஸ்திரி போட்ட சுடிதார், மூக்குக் கண்ணாடி, மடியில் கைப்பை. பார்த்தால் யாருக்கும் இவளிடம்தான் பேச வேண்டும் என்று தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவின் சேலைக் கரையிலோ காரிமங்கலத்துக் கொல்லை மண்.

ஞானமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்படவும் மூச்சு வேண்டும். மூன்று மாதமாக அவளுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு எழுபத்தாறு. இன்னும் எட்டு வருஷம், பத்து வருஷம் ஓடினாப் போதும்ல? அம்மா வயசுக்குப் பழசே தாராளம். கையிலயே இருக்கு, வர்ற வாரம் வச்சிடலாம். புதுசுக்குச் சொல்லிவச்சுக் காத்திருக்கணும்."

ஆக்சிலியா அதற்கும் தலையாட்டினாள். சிரித்துக்கொண்டே.

போதுமாம். ஓடித் தேய்ந்த வண்டிக்குப் பழைய சாமான் போதும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்களே, அப்படி. வண்டியிடம் யாரும் கேட்பதில்லை.

டாக்டர் சம்மதப் படிவத்தை ஆக்சிலியா பக்கம் நகர்த்திப் பேனாவையும் கொடுத்தார்.

ஞானமேரி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரைக் கேட்டுங்க முடிவு பண்ணீங்க?"

"உங்க பொண்ணுதாம்மா சரின்னாங்க."

ஞானமேரி படிவத்தின் மேல் விரலை ஊன்றிக் காட்டினாள்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஆக்சிலியா வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். நாக்கு நுனி வெளியே துருத்தியிருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு கண், ஒரு வாய்.

டாக்டர் கை நீட்டிப் பேனாவை வாங்கப் போனார். ஞானமேரி தடுத்தாள்.

"போடட்டுங்க. வாங்கினா அழுவா."

நின்று, மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"எங்க வூட்டுல நாங்க ரெண்டே பேருங்க. இவளுக்குத் தலை சீவுறது, சோறு ஊட்டுறது, கால் கழுவி வுடறது எல்லாம் நாந்தான். இவளுக்கு இப்ப நாப்பத்தியொண்ணு. எனக்கு எத்தன வருஷம் போதும்னு இப்பச் சொல்லுங்க."

டாக்டர் ஆக்சிலியாவைப் பார்த்தார்.

அவள் தலையாட்டினாள்.