மறையும் கூண்டு

இருட்டிய பிறகு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரும்புச் சுருள்வில் மடங்குகிற சத்தம். சீமையில் மேடை வித்தை காட்டும் துரை ஒருவர், கூண்டைப் பறவையோடு நொடியில் மடக்கி மறையவைக்கும் புதுக் கருவியைக் கீழ் அறையில் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் தாய்ப்புறா குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது.

"ஏன் நடுங்குற?" என்றது பக்கத்து மேசைமேல் இருந்த துரையின் தொப்பி. "நேத்து உன் தங்கச்சி கூண்டோட மறைஞ்சா. ஜனங்க கைதட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குள்ளேயிருந்து வந்துட்டாளே!"

"வந்தவ என் தங்கச்சி இல்லண்ணே."

"வெள்ளைப் புறாதானே?"

"வெள்ளைதான். என் குஞ்சு பசின்னு வாயைத் திறந்தப்போ, யார் வீட்டுப் பிள்ளையோன்னு பார்த்தா. என் தங்கச்சி இவனுக்குத் தினமும் ஊட்டினவ."

தொப்பி கொஞ்சம் தயங்கியது. "வித்தைக்கு முன்னாடியே ஒரு புறாவை எனக்குள்ள ஒளிச்சு வெச்சார்தான். நான் எதையும் கேக்கிறதில்லம்மா. என்னைத் தலைமேல வெச்சிருக்கார்."

"நாளைக்கு யாரு?"

"சின்ன உடம்பா இருந்தா கூண்டு சிக்காம மடங்கும்னு சொன்னார்."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

சுவரோரம், ஆளை மறையவைக்கும் அலமாரி திறந்திருந்தது. உள்ளே ஒளிகிறவர் சாத்திக்கொள்வதற்காகத் துரை அதன் தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்திருந்தார். தாய்ப்புறா குஞ்சை அதற்குள் தள்ளி, தானும் உள்ளே நுழைந்தது.

"அதுவும் அவர் செஞ்சதுதான்!" என்று தொப்பி பதறியது.

"தெரியும்ணே," என்ற புறா, கதவைச் சாத்தி, அலகால் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டது.