எட்டு இலக்க எண்

பிளஸ் ஒன் படிக்கும் பிரவீனாவை அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம்.

“கணக்குல ஒரு டவுட்டுப்பா. கூடப் படிக்கற சுஜாதாகிட்ட கேட்டுக்கறேன்” என்று கெஞ்சினாள்.

அப்பா திம்மராயன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“சுஜா, 10981098 எழுபத்து மூணால வகுபடுமாடி?”

“ஆமாடி. நாலு இலக்க எண்ணை அடுத்தடுத்து ரெண்டு தடவை எழுதினா, 73, 137 ரெண்டாலயும் வகுபடும்.”

“ரெண்டாலயும் வகுத்தா என்ன வரும்?”

“அதே நாலு இலக்கம்தான்...” சுஜாதா சட்டென்று நிறுத்தினாள்.

“அதை எனக்காகப் போட்டுப் பாருடி.”

“படிச்சது போதும்” என்று அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு, மறுபடி கதவைப் பூட்டினார்.

சாயங்காலம் மத்திகிரியில் அவர்கள் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. உள்ளே பிரவீனா பூட்டிய கதவருகே ஓடி வந்தாள்.

“குழந்தைகள் உதவி மையத்துலருந்து வர்றோம். 1098க்கு போன் வந்துச்சு. கதவைத் திறங்க.”