ஏறாத இங்கிலீஷ்

"திரும்பவும் 'ஐ வொர்க் ஹார்ட்லி'ன்னு சொல்றீங்களே!"

"கஷ்டப்பட்டு வேலை செய்யறேன்னுதானே அதுக்கு..."

"அதுக்கு ஹார்டுன்னு நிறுத்திக்கணும். ஹார்ட்லின்னா நான் வேலையே செய்யறதில்லன்னு ஆயிடும். எவன் வேலை குடுப்பான்?"

சுகன்யாவுக்கு மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. அங்கேயே எலெக்ட்ரீஷியன் வேலைக்கு அவள் கணவன் திருமுருகனுக்கு நாளை இங்கிலீஷில் இன்டர்வியூ. தேறிவிட்டால் இருவரும் சேர்ந்தே போகலாம்.

"சரி, நான் லேட்டா வந்தேன். சொல்லுங்க."

"ஐ கேம் லேட்லி."

"ஐயோ, லேட்லின்னா சமீபத்துலன்னு அர்த்தங்க! வெறும் லேட்டுன்னா போதும். இவ்வளவு நாளா மண்டையில ஏறலியா?"

"என் மண்டை கருங்கல்லு. விடு, நீ மட்டும் போயிட்டு வா."

"பொண்டாட்டி இல்லாம மாமனார் வூட்டுல உக்காந்திருக்கப் போறீங்களா? உடையார்பாளையமே சிரிக்கும்."

அவனுடைய போன் அடித்தது. சுகன்யாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவனோடு வேலை பார்க்கும் ராஜராஜன்.

"அண்ணே, செலெக்ட் ஆயிட்டேன்! நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஹார்ட்லி, லேட்லின்னு உளறாம பேசினேண்ணே. உங்களுக்கு என்ன, நாளைக்கு ஊதித் தள்ளிடுவீங்க!"

சுகன்யா போனை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"ஊருக்கே சொல்லிக் குடுக்கறவரு, எங்கிட்ட ஏங்க நடிச்சீங்க?"

திருமுருகன், மாமனார் படுத்திருந்த உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"நீ அவருக்கு ஒத்தப் பொண்ணு. நாம ரெண்டு பேரும் போயிட்டா, உங்கப்பாவ டயாலிசிஸுக்கு யாரு சுகன்யா கூட்டிட்டுப் போவா?"