பத்தாவது பாட்டு

அவன் கண்ணாடியைக் கழற்றி ஆம்ப்ளிஃபயரின் மேல் வைத்தான்.

முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பிக் காத்திருந்தான்.

"சீக்கிரம்டி. ஏசில விரல் விறைச்சிடும்."

அவள் மோதிரத்தைக் கழற்றினாள். ஐந்தாவது பாட்டின்போது மறந்துவிட்டாள். அவன் கன்னத்தில் அந்தக் கீறல் இன்னும் காயவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சவுண்ட் இன்ஜினியர் தஸ்தகீர் வழக்கம்போலக் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினான்.

இருவர் மட்டுமேயான இசைக்குழு. அவள் பாட்டு, அவன் கிட்டார். முதல் ஆல்பம்.

மூன்றாவது பாட்டு நான்கு நாளாகியும் கூடிவரவில்லை. ஆத்திரத்தில் அறைந்துவிட்டாள். அவன் கிட்டாரை எடுத்தான். அன்று வாசித்ததுபோல் அவன் அதற்கு முன் வாசித்ததே இல்லை.

அடுத்த பாட்டுக்கு அவனே கன்னத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான்.

ஆல்பத்துக்காக என்றான். ஆல்பத்துக்காக என்று அவளும் சொல்லிக்கொண்டாள்.

ஏழாவதில் அவன் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். மறுநாள் காலை பல் துலக்கும்போது, தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். மனம் லேசாக இருந்தது.

எட்டாவதில், யாரும் கேட்காமலே, விரல்களை முஷ்டியாக மடக்கிக்கொண்டாள்.

இது பத்தாவது. கடைசி.

கையை ஓங்கினாள்.

அவன் இமைகள் இறுக மூடித் துடித்தன. அவள் வாயில் எச்சில் ஊறியது.

புளியங்காயைப் பார்த்ததுபோல.

அவள் அதை விழுங்கினாள். கையை இறக்கினாள்.

"இப்படியே வாசி."

"வராது."

"வாசிடா."

அவன் வாசித்தான். அவள் பாடினாள்.

பாடிக்கொண்டே, இது கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எங்காவது ஓரிடத்தில் அவன் விரல் தடுமாறினால் போதும். தாளம் ஒரு மயிரிழை பிந்தினால் போதும். அடி இல்லாமல் இவனுக்கு வராது என்று ஆகிவிட்டால் போதும்.

விரல் தடுமாறவில்லை.

கடைசித் தந்தியின் அதிர்வு அடங்கியது. தஸ்தகீர் எழுந்து நின்றிருந்தான். அவன் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அக்கா, இதான். மொத்த ஆல்பத்துலயும் இதான் டாப்பு."

அவன் கிட்டாரை மடியிலிருந்து இறக்கவில்லை. அவளையே பார்த்தான். கோபமாகக்கூட இல்லை.

"அப்ப அந்த ஏழு அடி?"

அவள் திரும்பவில்லை. மைக்கை நெருங்கி நின்றாள்.

"தஸ்தகீர், இது வேணாம். அழிச்சிடு."