நீயா வச்ச?

பிறந்த வீட்டுக் கிணற்றடியில் சிட்டாள் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் வந்து நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை.

அழகுசுந்தரம் தொண்டையைச் செருமினான். கல்லலிலிருந்து நெற்குப்பை வரை மாட்டுவண்டியில் ஒரே யோசனை. எப்படிக் கேட்டால் இவள் வீடு திரும்புவாள்?

அவன் ஆசாரி வீட்டுப் பிள்ளை. திருச்சியில் படித்தபோது சமஸ்கிருத வகுப்பில் இடமில்லையென்று லத்தீனில் உட்கார்த்திவிட்டார்கள். வெள்ளைக்காரச் சாமியார் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. அந்த மொழி கேள்வி கேட்கிற விதம் மட்டும் மறக்கவில்லை.

'நும்' என்று ஆரம்பித்தால், இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறோம். 'நொன்னெ' என்றால் ஆமாம் என்ற பதிலை. எதையும் எதிர்பார்க்காமல் கேட்க, 'நெ'. நம்முடைய 'ஆ' மாதிரியே அது சொல்லின் வாலில் தொற்றிக்கொள்ளும். எந்தச் சொல்லில் தொற்றுகிறதோ, அதன் மேல்தான் சந்தேகம்.

அதனால் வந்த வினைதான் இது. போன வாரம் குழம்பில் உப்பு கரித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நீயா வச்ச?" என்று கேட்டுவிட்டான். 'ஆ' போய் 'நீ'யின் மேல் உட்கார்ந்துகொண்டது.

சிட்டாள் பதில் பேசவில்லை. விடிந்ததும் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஆத்தா அவனை நிம்மதியாக இருக்க விடவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வா என்று ஒரே நச்சரிப்பு. மருமகளுக்காக இப்படித் தவிக்கிற மாமியாரை அவன் எங்கும் பார்த்ததில்லை.

வரமாட்டாயா என்று கேட்டால் மாட்டேன் என்றுதான் வாயில் வரும். 'நொன்னெ'தான் சரி.

"வீட்டுக்கு வருவேல்ல?"

சிட்டாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"வருவேன்."

லத்தீனில் ஆமாம் என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. இவளைப் போலத்தான், கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். பரீட்சையில் தேறியதுபோல அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தத் தெம்பில் மேலும் பேசினான்.

"குழம்பு கரிச்சா என்ன, உன் கையால வச்சதுதான? நான் அப்படிக் கேட்டுருக்கக் கூடாது."

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். தன் அம்மா காதில் விழாது என்று தெரிந்த பிறகே வாயைத் திறந்தாள்.

"வச்சது அத்தை. நீங்க கேக்கையில கதவுக்குப் பின்னாலதான் நின்னாக. ஆமான்னாலும் குத்தம், இல்லைன்னாலும் குத்தம். நான் என்னத்தச் சொல்ல?"

திரும்பும் வழியில் அழகுசுந்தரம் வண்டிக்காரனிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை.