பேர் கேட்டுப் போட்ட ஊசி

"புருஷன் போயி ஒரு மணி நேரம் ஆவுது. ஒரு சொட்டு கண்ணீர் வருதா பாரு அதுக்கு! கல்லு மாதிரி குந்திக்கினு கீது" என்று கதவருகே முணுமுணுத்தாள் வார்டு ஆயா முத்தம்மா.

நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஹேமாம்புஜத்தின் அறையில், சுவரோரப் பெஞ்சில் ஏஞ்சல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு லுங்கி, ஒரு ஜோடி ஆண் செருப்பு.

எதிரே நின்ற ஸ்டாஃப் நர்ஸ் கிரேஸுக்கும் அழுகை வரவில்லை. வலது கை மட்டும் மரத்துப் போயிருந்தது. அந்தக் கையால்தான் காலை ஒன்பது மணிக்கு ஏழாம் கட்டிலுக்கு ஊசி போட்டாள். ஐந்தே நிமிஷத்தில் அந்த ஆளின் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர்கள் என்னென்னவோ செய்தார்கள். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

தகடு கிழித்த உள்ளங்கைக்குத் தையல் போட்டுக்கொள்ள வந்த ஆள். இதற்கெல்லாம் யாராவது சாவார்களா?

மேஜைமேல் காலி மருந்துக் குப்பி, ஃபைல், கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு. கிரேஸுக்குப் பதினொரு வருஷ சர்வீஸ். அது நிற்பதும் போவதும் இன்றைக்கு ஹேமாம்புஜம் எழுதப் போகும் ரிப்போர்ட்டைப் பொறுத்துதான்.

"ஒண்ணொண்ணா சொல்லும்மா. சரியான ஆளான்னு பார்த்தியா?"

"பாத்தேன் மேடம். 'நீங்கதான் இம்மானுவேலா'ன்னு கேக்கல. அப்படிக் கேட்டா யாரா இருந்தாலும் தலையாட்டிடுவாங்க. 'உங்க பேரு சொல்லுங்க'ன்னுதான் கேட்டேன். அவரே இம்மானுவேல்னு சொன்னாரு. கையில கட்டின பட்டை, ஃபைல், கார்டு, மூணுலயும் அதே பேரு."

"கேட்ட உடனே சொன்னாரா?"

"இல்ல மேடம். வாசப்படிலேந்து ரெண்டு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. கிட்ட போயி கேட்டப்புறம்தான் சொன்னாரு. காக்களூர்ல தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் வேலைன்னு ஃபைல்ல இருக்கு. அந்தச் சத்தத்துல காது மந்தமாயிருக்கும்."

ஹேமாம்புஜம் தலையாட்டினாள். காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்து வரும் பாதிப் பேரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.

"மருந்து?"

"பேரு, அளவு, எக்ஸ்பயரி, எல்லாம் மூணு தடவ பாத்தேன். டூட்டில இருந்த இன்னொரு நர்ஸ் நந்தினியும் கூட நின்னு பாத்தா."

"டெஸ்ட் டோஸ்?"

"போன வருஷம் இங்கயே ஆறு நாள் இதே ஊசி போட்டிருக்குன்னு பழைய ஃபைல்ல இருக்கு. அதனால டெஸ்ட் வேணாம்னு டாக்டர் எழுதிட்டாரு. அப்பவும் எனக்கு மனசு கேக்கல மேடம். 'எந்த மருந்தாவது ஒத்துக்காதா'ன்னு அவரையே கேட்டேன். அவரு ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு. அதுக்குள்ள இவங்க சொல்லிட்டாங்க."

"என்னன்னு?"

கிரேஸ் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "'போன வருசம் இதே ஊசிதான் போட்டாங்க, எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவல சிஸ்டர்'னு சொன்னாங்க."

ஏஞ்சல் நிமிரவில்லை. பைக்குள் அவள் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு கட் செய்தாள். மறுபடி அதிர்ந்தது. மறுபடி கட் செய்தாள்.

ஹேமாம்புஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ விசாரணை பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போன வருஷம் ஒத்துக்கொண்ட ஊசி இந்த வருஷம் ஆளைக் கொல்லுமா? அபூர்வமாகக் கொல்லும். அதை ரிப்போர்ட்டில் எழுதினால் யார் நம்புவார்கள்?

"எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம்" என்றாள் கிரேஸ். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நான் ஒத்துக்கறேன். அது தெரியலன்னா, இனிமே ஒருத்தருக்கும் என்னால ஊசி போட முடியாது."

ஹேமாம்புஜம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒரு படிவத்தை இழுத்து, இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'இம்மானுவேல்' என்று எழுதினாள். கார்டைப் பார்த்து வயது முப்பத்தெட்டு என்று எழுதினாள். கார்டிலிருந்த ஃபோட்டோ மெஷின் எண்ணெய் பட்டு மங்கி, மீசை மட்டும்தான் தெரிந்தது.

படிவத்தை ஏஞ்சல் பக்கம் திருப்பினாள். "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா. இதை வச்சுதான் சர்டிஃபிகேட் தருவாங்க."

ஏஞ்சல் எழுந்து வந்து பேனாவை வாங்கினாள். எழுதியிருந்த பேரைப் பார்த்தாள். கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இந்தப் பேரப் போடாதீங்க மேடம்."

"ஏம்மா?"

"கார்டுதான் அவரோடது."

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அவள் கட் செய்யவில்லை. அதை எடுத்து, காலி மருந்துக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு இம்மானுவேல்தான் கூப்புடறாரு மேடம்... அவரு தம்பிக்கு எப்டிக் கீதுன்னு கேப்பாரு."